தும்மாத மூக்கு வரைந்த மலைகள்

சுவாச வைரஸ் ஆய்வகத்தைக் கால் நூற்றாண்டுக்கு மேல் கட்டிக்காத்து, இன்று பணி நிறைவு பெறும் தலைவர் பெருந்தகைக்கு, உடன் உழைத்தோர் ஒருங்கே நின்று வாசித்தளிக்கும் மடல்

சளியறியாச் சான்றோரே! தும்மலறியாத் தூயவரே! காய்ச்சல் காலத்திலும் கைக்குட்டை தேடாக் காவலரே!

இப்படித்தான் தொடங்கியிருந்தோம். எழுதி முடித்துக் கண்ணாடிச் சட்டமும் வாங்கியாயிற்று. முந்தாநாள் மதியம் வரை அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. இன்றோ, அந்த அடைமொழிகளில் எது மெய் என்று தெரியாமல், திகைப்புத் தெளியாத நெஞ்சோடு உங்கள் முன் நிற்கிறோம்.

விருந்தினர்க்காக நடந்ததைச் சொல்கிறோம். மூச்சு வழி வரும் வைரஸ் மூக்கில் இறங்கினால், அதைப் பிடித்துக் கட்டிப்போடும் எதிர்ப்பொருள்கள் மூக்கின் ஈரத்திலேயே சுரக்கின்றன. நோயாளியின் மூக்கில் அவை எவ்வளவு கூடின என்று அளப்பதே எங்கள் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க வைரஸ் அண்டாத மூக்கு ஒன்று வேண்டுமே? ஒருநாளும் சளி பிடிக்காத தலைவர் இருக்கையில் வேறு மூக்குத் தேடுவானேன் என்று, வாரந்தோறும் தலையைப் பின்னால் சாய்த்து, உப்புநீரில் கழுவிய மூக்குநீரை நீங்களே தந்தீர்கள். "என் மூக்கு சொக்கத் தங்கம்யா, எடுத்துக்கோங்க" என்பீர்கள். அதுவே எங்கள் அளவுகோல் ஆயிற்று. நோயாளிகளின் மூக்குக்கும் உங்கள் மூக்குக்கும் பெரிய வேறுபாடு வராதபோதெல்லாம் நாங்கள் சோதனையைத்தான் திட்டினோம்.

இம்மடலின் ஓரத்துக்கு அலங்காரம் தேடியதில்தான் எல்லாம் வெளிப்பட்டது. உறைபெட்டியில் சேர்ந்திருந்த உங்கள் மூக்குநீர் அனைத்தையும் ஒன்றாகச் சோதித்து, ஏற்ற இறக்கமில்லாமல் வரும் என்று நம்பிய எதிர்ப்பொருள் கோட்டை நான்கு பக்கமும் பொன்னிறத்தில் அச்சிடுவதாகத் திட்டம். நாங்கள் 'பூதக்கண்ணாடி' என்றழைக்கும் மூத்த பரிசோதகர் திரையைத் திறந்தார். வந்தது கோடு அல்ல, மலைத்தொடர். குளிர் பருவந்தோறும் ஒரு மலை. "யாரோட மூக்கோ இதுல கலந்துபோச்சு" என்று மறுபடியும் சோதித்தார். அதே மலைகள். "நம்ம பெரியவருக்கு வருஷா வருஷம் வந்திருக்குங்க" என்று சொல்லி நாற்காலியில் சரிந்தார். வைரஸ் வந்திருக்கிறது, மூக்கு அதைச் சத்தமில்லாமல் எதிர்த்திருக்கிறது, உங்களுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஆண்டுதோறும் உங்களிடம் எடுத்த ரத்தமும் இதைப் பெரிதாகக் காட்டிக்கொடுக்கவில்லை. மூக்கின் காவல் வேறு, ரத்தத்தின் காவல் வேறு என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர் நீங்கள்தான், தலைவரே.

"மூக்கு ஒழுகுறதுக்கெல்லாம் லீவா?" என்று எங்களை நீங்கள் கடிந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. எங்கள் சளி எவர் கொடை என்று இனி எந்தச் சோதனையும் சொல்லாது. ஆனாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். அழைத்துத் திரையைக் காட்டியபோது நீங்கள் சிரிக்கவில்லை. "போன வருஷத்து மலை எப்போ?" என்று மட்டும் கேட்டீர்கள். மாதத்தைச் சொன்னதும் உங்கள் முகம் வெளுத்தது.

அது உங்கள் தம்பி நிமோனியாவில் கிடந்து பிழைத்த மாதம். மாற்றுச் சிறுநீரகத்தோடு, உடலின் எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளில் வாழ்பவர் அவர். அவருடைய அறைவாசலில் காவல் நின்று, மூக்கை உறிஞ்சிய மைத்துனரையும் மாமியாரையும் திருப்பி அனுப்பியவர் நீங்கள். சளியில்லாத ஒரே ஆள் என்று உள்ளே போய்ச் சோறு ஊட்டியவரும் நீங்கள். அவர் நோயில் படுப்பதற்கு முந்தைய வாரமும் அவர் வீட்டில்தான் இருந்தீர்கள். ஓய்வுக்குப் பின் அவரோடு தங்குவதாக முடிவாகி, உங்கள் பெட்டி படுக்கைகூட அங்கே போய்விட்டது. "இனி அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றீர்கள்.

நேற்றுக் காலை, எங்கள் எதிரிலேயே தம்பியை அழைத்து எல்லாவற்றையும் சொன்னீர்கள். அவர் பாதியிலேயே அழைப்பைத் துண்டித்துவிட்டார். மாலையில் அவரே அழைத்தார்.

"அண்ணே, டாக்டரைப் பாக்கப் போயிருந்தேன். உன்கிட்டேருந்துதான் வந்துச்சுன்னு அவராலயே சொல்ல முடியல. நீ மாஸ்க் போட்டுக்கணுமாம், வாராவாரம் உன் மூக்கைச் சோதிக்கணுமாம். அன்னிக்கு நீயும் வாசல்லயே நின்னிருந்தா எனக்கு யாரு ஊட்டியிருப்பா? கட்டில் போட்டாச்சு, வந்து சேரு."

ஆகவே, கடிந்தாலும் கைவிடாத தலைவரே, பதவிக்குத்தான் ஓய்வு, மூக்குக்கு இல்லை. பரிசாக வாங்கிய சுவர்க் கடிகாரத்தோடு சோதனைக் குச்சிகள் நிறைந்த பெட்டி ஒன்றையும் தருகிறோம். வாரந்தோறும் எங்களில் ஒருவர் உங்கள் வாசலுக்கு வந்து நிற்பார். இரவோடு இரவாகப் புதிதாய் எழுதி அச்சிட்ட இம்மடலின் ஓரத்தில் மலைகளையே பொன்னிறத்தில் பொறித்திருக்கிறோம். அண்ணனும் தம்பியும் நலம் குன்றாமல், ஒரே கூரையின்கீழ் நெடுங்காலம் வாழ நெஞ்சார வாழ்த்துகிறோம்.

அச்சில் இல்லாத கடைசி வரிகளைப் பூதக்கண்ணாடி கையால் எழுதியிருக்கிறார்: இன்று காலை தந்த மூக்குநீரைச் சோதித்தாயிற்று. வைரஸ் இல்லை. வண்டி வாசலில் நிற்கிறது, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு தம்பி வீட்டுக்குப் புறப்படுங்கள்.

திகைப்பும் அன்பும் குறையாத
ஆய்வகத் தோழர்கள்