சங்கம்மா கவுனும் பக்கத் தையலும்

அதெப்படிமா, அவ்ளோ பேர் உக்காந்திருந்த ஹால்ல என்ன நடந்தாலும் கடைசில பழி தையக்காரி தலையில வந்து விழுது? கைய லேசா தூக்குங்க. இன்னும் கொஞ்சம். அப்படியே நில்லுங்க, குண்டூசி இருக்கு, ஆடாதீங்க. பாடினவ இருக்கா, வாசிச்ச நாலு பேர் இருக்காங்க, லைட்டு போட்டவர் இருக்கார். யாரையும் ஒரு வார்த்தை கேக்கல. "கவுன் யார் தைச்சது?" இதான் முதல் கேள்வி. பக்கத்துக் கடை லாண்டரிக்காரர் கூட வந்து கேட்டுட்டுப் போறார். அவருக்கும் பாட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்.

நீங்க கேள்விப்படலையா? நிஜமாவா? எல்லாரும் போன்ல அதத்தான பாத்துக்கிட்டிருக்காங்க... சரி, முதல்லேர்ந்து சொல்றேன். உங்க சட்டைக்குக் கீழ மடிப்பு பிடிக்கறதுக்குள்ள சொல்லி முடிச்சிடுவேன். அவசரமா? எனக்கும் அவசரந்தான்.

என் தம்பி வயோலா வாசிக்கிறான். வயோலான்னா, பாக்க வயலின் மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் பெருசு, கொஞ்சம் அடிக்குரல். அவங்க குழுவில ரெண்டு வயலின், தரையில ஊனி வாசிக்கிற பெரிய செல்லோ ஒண்ணு, நடுவுல இவன். இவன் வாசிக்கிறது யாருக்கும் தனியா கேக்காது. நிறுத்தினா மட்டும் ஏதோ குறையுதேன்னு தோணுமாம். அவனே சொல்லுவான். வீட்லயும் அப்படியேதான். சாப்பிட்டியாடான்னா "ம்". மழை வருது, குடை எடுத்துக்கடான்னா "ம்". நாப்பது வயசு நெருங்குது, இந்தக் கடைக்கு மேல இருக்கற ரெண்டு ரூம்ல நானும் அவனும்தான். ஒரு பொண்ணப் பாத்துப் பேசுடான்னா அதுக்கும் "ம்". எந்த "ம்"முக்கு என்ன அர்த்தம்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்.

திரும்புங்க. மெதுவா. ம்ம், தோள்பட்டை சரியா இருக்கு.

குழுத் தலைவர் முதல் வயலின். அவர் பொண்டாட்டி ரெண்டாவது வயலின். காலைல வீட்ல பாதியில விட்ட சண்டைய ரெண்டு பேரும் மேடையில வில்லுல தொடருவாங்க. ஜனங்க என்ன உணர்ச்சியா வாசிக்கிறாங்கன்னு சொல்லிக்குவாங்க. செல்லோ வாசிக்கறவர நாங்க பீரோன்னு கூப்பிடுவோம். அவர் வாத்தியப் பெட்டி பீரோ மாதிரி இருக்கும், அவரும் அப்படித்தான். நல்லாத்தான் வாசிப்பாங்கம்மா, பொய் சொல்லக் கூடாது. ஆனா கேக்க ஆள் வேணாமா? போன வருஷம் ஒரு கச்சேரில முன் வரிசையில நாலே பேர். அதுல ரெண்டு பேர் தூங்கிட்டாங்க. ஒருத்தர் மழைக்கு ஒதுங்கினவர். இன்னொருத்தி நான்.

ஹால்காரர் சொல்லிட்டார். இன்னும் ஒரே ஒரு கச்சேரி, அதுக்கும் ஆள் வரலேன்னா வேற இடம் பாத்துக்குங்கன்னு. வேற இடம் ஏது? தலைவர் குழுவையே கலைச்சிடலாம்னு சொன்னார். அன்னிக்கு ராத்திரி தம்பி சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு அப்படியே வெச்சிட்டு எழுந்து போயிட்டான்.

அப்பத்தான் தலைவரோட பொண்டாட்டி ஒரு யோசனை சொன்னாங்க. ஒரு ஓபரா பாட்டுக்காரியக் கூட்டிட்டு வரலாம், கூடவே ரேடியோல ஓடற காதல் பாட்டு, ஜாஸ், டான்ஸ் பாட்டு எல்லாத்தையும் கலந்து ஒரே மேடையில வாசிக்கலாம்னு. ஓபரான்னா நாடகந்தான், ஆனா யாரும் பேச மாட்டாங்க, எல்லாமே பாட்டு. கதவச் சாத்துன்னு சொல்றதுக்கே அரை மணி நேரம் பாடுவாங்க. அதுக்குள்ள காத்தடிச்சு கதவு தானாவே சாத்திடும். தலைவர் முதல்ல ஒத்துக்கல. டான்ஸ் பாட்டா, என் வயலின்லயான்னு குதிச்சார். அந்தம்மா, "முன் வரிசையில நாலு பேர், ஞாபகம் இருக்கட்டும்"னாங்க. மனுஷன் அடங்கிட்டார்.

வந்தாம்மா அந்தப் பாட்டுக்காரி. நம்ம வாசல்ல குனிஞ்சுதான் உள்ள வரணும், அவ்ளோ உயரம். அகலமும் குறைச்சல் இல்ல. ஒத்திகைக்கு வேற இடமே கிடைக்காத மாதிரி எங்க மாடியில. முதல் நாள் அவ தொண்டையத் தொறந்தா பாருங்க, கீழ என் பட்டன் டப்பா மேசையில நகந்து போச்சு. நானே பாத்தேன். ஆலையில ஷிப்டுக்கு ஊதுவாங்களே சங்கு, அந்த மாதிரி. நான் அவளுக்கு சங்கம்மான்னு பேர் வெச்சேன். அவ காதுல விழுந்திடுச்சு. கோவிச்சுக்குவான்னு பாத்தா, மாடிப்படியிலயே உக்காந்து சிரிக்கறா. அப்புறம் அவளே போன்ல, "அக்கா, சங்கு பேசறேன்"னுதான் ஆரம்பிப்பா. இப்படிப்பட்டவகிட்ட எப்படிம்மா சண்டை போடறது?

ஆனா தம்பி மாறிட்டான். சட்டைய அவனே இஸ்திரி போட்டான். குளிக்கும்போது பாட்டு முணுமுணுத்தான். இவ்ளோ வருஷத்துல நான் கேக்காத சத்தம்மா அது. அவகிட்டப் பேசறானான்னு பாத்தா, அதுவும் இல்ல. அவ மாடிக்கு வந்தா இவன் வாத்தியத்தத் துடைச்சுக்கிட்டே இருப்பான். அத்தன நாள் ஒத்திகையில அவகிட்ட ஒரு வார்த்தை கூடப் பேசல. "ம்" கூடச் சொல்லல. எனக்கு வயித்தெரிச்சலா, சிரிப்பான்னே தெரியல.

கவுன் நான்தான் தைச்சேன். கருநீல சாட்டின். அளவெடுக்கறப்போ அவ சொன்னா, "அக்கா, பாடும்போது எனக்கு விலாப் பக்கம் விரியும். நாலு விரல் தளர்வா வெச்சிடுங்க." சும்மா சொல்லல, என் ரெண்டு கையையும் எடுத்து அவ விலாவுல வெச்சுக்கிட்டு மூச்ச இழுத்துப் பாடினா. லிப்ட் கதவு தொறக்கற மாதிரி என் கை ரெண்டும் விலகிப் போச்சும்மா. சரின்னு சொன்னேன்.

நீங்க ஏன் கடிகாரத்தப் பாக்கறீங்க, இப்பத்தான் விஷயமே வருது.

கச்சேரி அன்னிக்கு ஹால் நெறஞ்சு வழியுது. முன்னாடி கோட்டு போட்டவங்க, எங்க ஓபராவக் கெடுத்துடுவாங்களோன்னு முகத்த உம்முன்னு வெச்சுக்கிட்டு. பின்னாடி சின்னஞ்சிறுசுங்க, எப்போ டான்ஸ் பாட்டு வரும்னு. ரெண்டு கட்சியும் ஒண்ண ஒண்ணு முறைக்குது. நான் மேடை ஓரத்துல, பக்கத் திரைக்குப் பின்னாடி. எதுக்கும் இருக்கட்டும்னு தையல் பிரிக்கிற சின்னக் கத்தியக் கயித்துல கட்டிக் கழுத்துல மாட்டியிருந்தேன். தொழில் பழக்கம்.

சங்கம்மா மேடைக்கு வந்தா. கவுனப் பாத்து ஒரு பெருமூச்சு விட்டாங்க ஜனங்க. எனக்கு அப்படியே குளுந்து போச்சு. முதல் பாட்டு போச்சு, ரெண்டாவது போச்சு. சின்னச் சின்னப் பாட்டு, சமாளிச்சிட்டா. மூணாவதுதான் பெரிய பாட்டு. காதலன் கப்பல்ல போயிட்டான், இவ கரையில நின்னு கூப்பிடறா. கடைசில ஒரே சுரத்தை மேல கொண்டுபோய் நிறுத்தணும், அலை ஓயற வரைக்கும். மேல போனா, போனா... பாதியில குரல் நின்னு போச்சு.

ஹால்ல ஒருத்தர் கூட இருமல. அவ முகத்துல சிரிப்பு அப்படியே இருக்கு, ஆனா கண்ணு தவிக்குது. மூச்ச இழுக்கறா, விலா விரிய இடமில்ல. சாட்டின் இறுக்கிப் பிடிச்சிருக்கு. தலைவர் வெளுத்துப் போயிட்டார். அவர் வில்லு அந்தரத்துல நிக்குது.

அப்போ யாரு வாசிச்சான்னு நினைக்கறீங்க? என் தம்பி. அவ விட்ட இடத்துலேர்ந்து அந்தப் பாட்ட எடுத்தான்மா. கீழ்க்குரல்ல, நடுங்காம. யாருக்கும் தனியா கேக்காதுன்னு சொன்னேனே, அன்னிக்கு அது மட்டுந்தான் கேட்டுச்சு. பீரோ அடியில மெதுவா தாங்கிப் பிடிச்சார். அப்புறம் மத்த ரெண்டு வயலினும் சேந்துக்கிச்சு, சண்டை இல்லாம. வாசிச்சுக்கிட்டே தம்பி அவளப் பாத்துத் தலைய ஓரமா அசைச்சான். இங்க வாங்கன்னு. அவன் நாற்காலி திரைக்குப் பக்கத்துலதான. அவ கரையில நடக்கறவ மாதிரி ஒவ்வொரு அடியா நடந்து திரையோரம் வந்து நின்னா. ஜனங்க அதுவும் நாடகந்தான்னு பாக்கறாங்க. தம்பி வில்ல நிறுத்தாம, உதட்ட அசைக்காம கேட்டான். "அக்கா, கத்தி இருக்கா?"

நான் மண்டி போட்டுத் திரை இடுக்கு வழியா கைய விட்டேன். அக்குள்லேர்ந்து இடுப்பு வரைக்கும் பக்கத் தையலக் கிழிச்சேன் பாருங்க, டர்ர்ருன்னு. நான் தைச்ச தையல நானே அப்படிக் கிழிச்சதில்ல. கோட்டுக்காரங்களுக்குக் கூடக் கேட்டிருக்கும். பீரோ என்ன பண்ணார் தெரியுமா, அந்தச் சத்தத்தப் பிடிச்சு செல்லோ கம்பியில அதே மாதிரி டர்ர்ருன்னு இழுத்தார். பின்னாடி சின்னதுங்க விசில் அடிக்குது. தம்பி அவகிட்ட ஏதோ சொன்னான். அவ மூச்ச இழுத்தா. எனக்கு அந்தக் காத்து கையில பட்டுச்சும்மா. அப்புறம் வந்துச்சு பாருங்க அந்தச் சுரம்... எப்படிச் சொல்றது. முழங்கால் வலி மறந்து போச்சு. திரைக்குள்ள உக்காந்து அழுதுக்கிட்டே சிரிக்கறேன்.

அதுக்கப்புறம் யாரையும் பிடிச்சு நிறுத்த முடியல. டான்ஸ் பாட்டுக்கு கோட்டுக்காரங்க கால் தட்டறாங்க. சங்கம்மா ஒரு கைய இடுப்போட ஒட்டி வெச்சுக்கிட்டே ஆடறா, கிழிசல் தெரியாம இருக்க. அது புது மாதிரி ஆட்டம்னு நெனச்சு ஜனங்க எல்லாரும் ஒரு கைய ஒட்டிக்கிட்டு ஆடுது. போன்ல ஓடறது அந்த ஆட்டந்தான். கடைசில அவ குனிஞ்சு வணக்கம் வெக்கணும், எப்படி வெப்பா? தம்பி எழுந்து அவன் கோட்டக் கழட்டி அவ தோள்ல போட்டான். ஹாலே இடிஞ்சு விழற மாதிரி கைதட்டல். ஹால்காரர் தலைவரக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். குழு பொழைச்சுது.

என்ன கேக்கறீங்க? ஏன் இறுகிச்சா? சாட்டின் சுருங்கும்மா. ஈரம் பட்டா சுருங்கும். ஈரம் எங்கேர்ந்து வந்துச்சுன்னா... வேர்வை. வேர்வையில யாருக்குமே சாட்டின் இப்படிச் சுருங்கினதில்லேங்கறீங்களா? சரி, விடமாட்டீங்க போல.

நான்தாம்மா உள்ள பிடிச்சுத் தைச்சேன். ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு விரல். நாலு விரல் தளர்வா தைச்சு மாட்டிப் பாத்தா ஜன்னல் திரை மாதிரி தொங்குச்சு. என் பேர நோட்டீஸ்ல போட்டிருந்தாங்க, உடை தைத்தவர்னு. இத்தன வருஷத்துல முதல் தடவை. அத்தன பேர் பாக்கப் போறாங்களேன்னு ஒரு ஆசை. நிக்கறப்போ நல்லாத்தான் இருந்துச்சு. அவ அதப் போட்டுக்கிட்டுப் பாடத்தான் போறாங்கறது அந்த நேரத்துல மறந்தே போச்சு.

கச்சேரி முடிஞ்சு உள்ள போனதும் அவ கவுனக் கழட்டி உள்பக்கம் திருப்பினா. பழைய தையல் ஒண்ணு, புதுத் தையல் ஒண்ணு. பாத்தா தெரியாதா? திட்டப் போறான்னு நிக்கறேன். அவ கேட்டா, "அக்கா, உங்க தம்பி என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? 'நிதானமா மூச்சு விடுங்க, நான் வாசிச்சுக்கிட்டே இருக்கேன்'னார். இவ்ளோ நாளா இவருக்குப் பேச வராதுன்னே நெனச்சிருந்தேன்." சொல்லிட்டு அந்தத் தையல நீவிக்கிட்டே இருந்தா. என்னைய ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல. அதான்மா தாங்க முடியல. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

இப்போ ரெண்டு பேரும் ஓயாம பேசறாங்க. மாடியில ராத்திரி பகல் பேச்சு. எங்கிட்ட இத்தன வருஷமா "ம்"முன்னவன் அவகிட்ட கதை கதையா சொல்றான். அடுத்த மாசம் ரெஜிஸ்டர் கல்யாணம். அப்புறம் குழுவோட ஊர் ஊரா போறாங்க. மேல ரெண்டு ரூமும் எனக்கே எனக்கு. நல்லதுதான, விசாலமா இருக்கும். குடை எடுத்துக்கடான்னு சொல்ல ஆள் இருக்காது, அவ்ளோதான். கண்ணுல ஒண்ணும் இல்லம்மா, நூல் தூசி.

கல்யாண கவுனையும் நான்தான் தைக்கணுமாம். "நீங்களே தைங்க அக்கா, அளவு உங்க இஷ்டம்"னுட்டா. எப்படிப்பட்ட பேச்சு பாருங்க. துணி வந்திருக்கு, பால் வெள்ளை. உள்ள இருக்கு, எடுத்துட்டு வந்து காட்டறேன். பிடிச்சுத் தைக்கறதா, விட்டுத் தைக்கறதான்னு நீங்களே சொல்லுங்க. ஒரு நிமிஷம்...

இதோ பாருங்க, எவ்ளோ வழவழன்னு... எங்க போனீங்க? அம்மா? குண்டூசியோடவே போயிட்டாங்களே. ஏம்மா, தெருவுல ஓடாதீங்க, குத்தும். பஸ்ல உக்காராம நின்னுக்கிட்டே போங்க.

போகட்டும். மடிப்புக்கு எப்படியும் வந்துதான ஆகணும்.

...நாலு விரல் வேணாம். அஞ்சா விட்டுடறேன்.