கூட்டிப் போட்ட ஒரு மார்க்

மார்னி: ...அவ்வளவுதான் வெர்ன். நமக்குப் பயிற்சி கொடுத்த ஆஸ்ட்ராண்டர் அந்த ஏரிக்கரை வீட்டை வித்துட்டு, மகளோட அரிசோனாவுக்கே போயிட்டார்.

வெர்ன்: அடக் கடவுளே! மினசோட்டாக் குளிர் இல்லாம அந்த மனுஷன் எதைத் திட்டுவார்?

மார்னி: நம்மளைத் திட்டினது போதாதா? சூப் ஆறுது, குடி.

வெர்ன்: குடிக்கிறேன். ஆனா ஞாபகச் சோதனைன்னு கடிகாரம் வரையச் சொன்னியானா எழுந்து போயிடுவேன்.

மார்னி: நான் சோதிக்க வரலைப்பா. உன் பொண்டாட்டி ஜோடி போன் பண்ணா. வீட்டுக்குப் போற வழியிலே காரை நிறுத்திட்டு உட்கார்ந்திருந்தியாமே...

வெர்ன்: பனி கொட்டுச்சு, வழி தெரியலை. அவளுக்கு எல்லாமே பெரிசு.

மார்னி: திங்கட்கிழமை நோயாளிங்களைப் பார்க்கப் போறியா?

வெர்ன்: ஏன் பார்க்கக் கூடாது? எனக்கு ஞாபகச் சோதனை வைக்கவும் முடியாது. முப்பது வருஷமா அதே கேள்விகளைக் கேட்கிறவன். எல்லாம் மனப்பாடம்.

மார்னி: சரி, ரொட்டியையும் எடுத்துக்கோ.

வெர்ன்: இதே அறைதானே? டாக்டர் பட்டம் வாங்கின பிறகும் ரெண்டு வருஷம் பயிற்சி. ஒரு மேசை, ரெண்டு பேர், ஜன்னலே கிடையாது.

மார்னி: பாதி மேசை உன் பூட்ஸ்.

வெர்ன்: காய வேண்டாமா! நீ ஸ்டாப்வாட்ச்சைக் கழுத்திலே மாட்டிக்கிட்டே தூங்குவே.

மார்னி: ஒரே ஒரு தடவை!

வெர்ன்: அந்தப் பால்பண்ணைக்காரர்... லுண்ட்க்விஸ்ட். நீலச் சட்டை. பையிலே கன்னுக்குட்டிக் காதுக்கு மாட்டுற வில்லை. பதினைஞ்சு வார்த்தை படிச்சுக் காட்டினோம், அரை மணி கழிச்சு ரெண்டுதான் திரும்பச் சொன்னார்.

மார்னி: நீ மூணுன்னு போட்டே.

வெர்ன்: மூணாவது அவர் உதடு வரைக்கும் வந்துச்சு, மார்னி. பால் வண்டி லைசென்ஸ் போயிடுமேன்னு...

மார்னி: நான் அழிச்சு ரெண்டாக்கினேன்.

வெர்ன்: ஒரு வாரம் உன்கூடப் பேசலை.

மார்னி: ஒன்பது நாள்.

வெர்ன்: அப்புறம் ஆஸ்ட்ராண்டர் ஏரிக்கரையிலே சமாதானமானோம். நீ பிடிச்ச மீனை நான் கருக்கி...

மார்னி: அதையும் அவர் தின்னார்!

வெர்ன்: ஹா! இந்தக் கோடைக்கு அங்கேயே போவோமா? அவர்கிட்ட சாவி கேளேன்.

மார்னி: சாவிதானே... கேட்கிறேன்.

வெர்ன்: இந்த முகம் எனக்குத் தெரியும். நோயாளி தப்பாச் சொன்னா காட்டிக்கக் கூடாதுன்னு இந்த அறையிலேதான் பழகினோம்... என்ன சொல்லியிருந்தே?

மார்னி: வீட்டை வித்துட்டார். அரிசோனா போயிட்டார்.

வெர்ன்: எப்போ சொன்னே?

மார்னி: வந்ததும். அரை மணி இருக்கும்... வெர்ன், இதெல்லாம் ஒரு கணக்கா? பேச்சு சுவாரசியத்திலே யாருக்கும் மறக்கும். ஜோடிகிட்ட ஒண்ணுமில்லேன்னு சொல்லிடறேன்.

வெர்ன்: சொல்லாதே. இழுப்பறையிலே ராஜினாமாக் கடிதம் இருக்கு, தேதி மட்டும் போடலை. ஒரு மாசமா எனக்கு நானே மூணுன்னு போட்டுக்கிட்டிருக்கேன், மார்னி. அழிக்கிறதுக்கு உன்னை விட்டா யாரு? ஜோடியை உனக்குப் போன் பண்ணச் சொன்னதே நான்தான்.