கிராணியின் பரிவட்டம்

பெயர்: லோகேஸ்வரி த/பெ மணியம்
வயது: 27
முகவரி: ரந்தாவ் அருகே செம்பனைத் தோட்டம், அலுவலகக் குடியிருப்பு
தொழில்: இளநிலைக் கணக்கு உதவியாளர்
வாக்குமூலத்தைப் பதிவு செய்தவர்: போலீஸ் சார்ஜன் சித்திக்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் நான் யோகேந்திரன் என்பவரைத் தள்ளி விழவைத்ததாக அவர் கொடுத்த புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் தள்ளவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதி, கோயில் மரியாதையாக வாங்கிய பரிவட்டத் துணியையும் அவரிடம் ஒப்படைத்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், மறுத்தால் என் வேலை நிரந்தரமாகாது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். இரண்டையும் நான் கொடுப்பதாக இல்லை.

யோகேந்திரன் தோட்ட அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரி. பதவி ஃபைனான்ஸ் எக்ஸிகியூட்டிவ். சம்பளம், சொக்சோ காப்புறுதிப் பிடித்தம், மாத முடிவுக் கணக்கு எல்லாம் நான் செய்ய, கையெழுத்து அவர் போடுவார். அது அலுவலக முறை, அதைப் பற்றி நான் பேசவில்லை. போன வருடம் தலைமை அலுவலகத்து ஆட்கள் வந்திருந்தபோது, லாரிகள் காலியாகத் திரும்பி வராமல் இருக்க நான் போட்ட திட்டத்தை அவர் தன்னுடையதாகத் திரையில் காட்டி விளக்கினார். அதன் பிறகு என்னைக் கூப்பிட்டு எல்லோருக்கும் தே தாரிக் டீ வாங்கிவரச் சொன்னார். நான் தட்டோடு உள்ளே போனபோது எல்லோரும் அவருக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் என்னிடம், சீனி குறைத்து இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார். அதையும் வாங்கிவந்து கொடுத்தேன்.

தோட்டத்தில் அலுவலகக் கணக்கரைக் கிராணி என்று அழைப்பது பழைய வழக்கம். யோகேந்திரனுக்கு அந்தச் சொல்லே ஆகாது. ஒரு நாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், செம்பனை உதிரிப்பழம் பொறுக்கும் தாயம்மா அவரை “கிராணி ஐயா” என்று கூப்பிட்டார். அதற்கு அவர் எல்லோருக்கும் கேட்கும்படி, “என்னைய கிராணின்னு கூப்புடாதீங்க லா. நான் எக்ஸிகியூட்டிவ். கிராணி வேணும்னா அந்தா நிக்கிது பாருங்க லோகேஸ், அதக் கூப்புடுங்க” என்று சொல்லிச் சிரித்தார். மேனேஜரும் கூடச் சிரித்தார். அன்று முதல் தோட்டம் முழுக்க என்னைக் கிராணியம்மா என்றுதான் கூப்பிடுகிறது. முதலில் எனக்குக் கோபம் வந்தது. அதன் பிறகு, சம்பளத்தில் பிடித்தம் என்றால் நேராக என் மேசைக்கு வந்து, “கிராணியம்மா, இத என்னன்னு பாரு” என்று உரிமையோடு கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடித்துப்போனது.

எங்கள் கோயில் திருவிழாவில் முதல் பரிவட்டம் தோட்டத்துக் கிராணிக்குக் கட்ட வேண்டும் என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கும் முறை. சம்பவத்தன்று யோகேந்திரன் புதுப் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றார். தன் கைப்பேசியை டிரைவரிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னதை நான் பார்த்தேன். பூசை முடிந்த பிறகு பூசாரி, “தோட்டத்துக் கிராணி வாங்க” என்று கூப்பிட்டார். யோகேந்திரன் முன்னால் போய்த் தலையைக் குனிந்தார். அப்போது தாயம்மா, “அவருதான் கிராணி இல்லையாமே. கிராணி இங்கதான ஒக்காந்திருக்கு” என்று சத்தமாகச் சொன்னார். கூட்டம் சிரித்தது. நான் எழுந்து போனேன். யாரும் என்னை இழுத்துவிடவில்லை, நானாகத்தான் போனேன்.

நான் அவரிடம், “சார், நீங்க எக்ஸிகியூட்டிவ். அவங்க கூப்புட்டது கிராணிய” என்று சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. பெண்ணின் தலையில் பரிவட்டம் கட்டும் வழக்கம் இல்லையே என்று பூசாரி தயங்கினார். “அப்ப தோள்ல போடுங்க சாமி” என்றேன். அவர் துணியை என் தோளில் போட்டு, தேங்காய் பழத் தட்டையும் கையில் கொடுத்தார். அப்போது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளும்படி சார்ஜனிடம் கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு யோகேந்திரன் வேகமாகத் திரும்பியதில், தேங்காய் உடைத்த தண்ணீரில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் என் இரண்டு கைகளிலும் தட்டு இருந்தது. இதற்குச் சாட்சியாக அவரே எடுக்கச் சொன்ன வீடியோ அவருடைய கைப்பேசியிலேயே இருக்கிறது. அதை வாங்கிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பரிவட்டம் என் வீட்டு சாமி அறையில் இருக்கிறது. விசாரணைக்குத் தேவை என்றால் கொண்டுவந்து காட்டுவேன், திரும்ப எடுத்துப்போவேன். வேலையை விட்டு நான் நிற்கப்போவதில்லை. இந்த மாதச் சம்பளமும் நான்தான் போட வேண்டும்.

எழுதியது முழுவதையும் சார்ஜன் எனக்குத் தமிழில் படித்துக் காட்டி, “ஏதும் மாத்தணுமா?” என்று கேட்டார். ஒன்று இருக்கிறது என்றேன். என் விருப்பப்படி, மேலே தொழில் என்ற இடத்தில் உள்ள ‘இளநிலைக் கணக்கு உதவியாளர்’ அடிக்கப்பட்டு, ‘தோட்டத்துக் கிராணி’ என்று திருத்தப்பட்டது. திருத்தத்தின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. அத்தனையும் நடந்தது நடந்தபடி.

(ஒப்பம்)
ம. லோகேஸ்வரி
தோட்டத்துக் கிராணி