பத்தாவது பலகையில வந்த சத்தம்

இல்லம்மா, ஆறு இல்ல, அஞ்சு பேரு. எண்ணியே சொல்லிடறேன். நான் அற்புதசாமி, ஒண்ணு. எங்க வீட்டுக்காரம்மா ரோசம்மாள், ரெண்டு. பொண்ணு லின்சி மூணு, மாப்பிள்ளை ஜூட் நாலு. ஸ்ரீரங்கத்துலேருந்து ரத்தினவேல் வந்திருந்தாரு. மோட்டாருக்குக் காயில் கட்டுற ஆளு, முன்னாடி என்கூட ரயில்வே ஷெட்டுல வேலை பாத்தவரு. அவரோட அஞ்சு. போன ஞாயித்துக்கிழமை இந்த மரம் செதுக்குற மிஷினைப் பிரிச்சப்ப வீட்டுல இருந்தது இவ்வளவுதான். அதுல நாலு பேருக்குச் சத்தமே கேக்கலங்கறாங்க. அதான் மிஷின் ரிப்பேர் பாக்கற உங்களை வரச் சொன்னேன்.

இருங்க, அதுக்குள்ள ஸ்பேனரை எடுக்காதீங்க. உப்பிலியபுரத்துலேருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கீங்க, காபியைக் குடிச்சிட்டுக் கையை வைங்க. பேரு என்ன சொன்னீங்க, அறிவுமதியா? நல்ல பேரும்மா. எங்கப்பா எனக்கு அறிவு, மதி ரெண்டுல ஒண்ணாவது வச்சிருந்தா தேங்காண்ணெய் ஊத்தியிருக்க மாட்டேன்.

ஆமாம்மா, நான்தான் ஊத்துனேன். இந்த நீளமா மரை போட்ட கம்பி இருக்குல்ல, அது சுத்துனாத்தானே மிஷின் நகரும். காஞ்ச மாதிரி இருந்துச்சு. தலைக்கு நல்லதுதானே, கம்பிக்கும் நல்லதா இருக்கட்டும்னு ஊத்திட்டேன். மரத்தூளு அதுல ஒட்டிப் புட்டு மாதிரி ஆயிருச்சு. தேங்காயும் போட்டுட்டீங்க, சக்கரை மட்டுந்தான் பாக்கின்னா ரோசம்மா. பல்லு தேய்க்கிற பிரஷ்ஷால தேய்ச்சு எடுக்க ரெண்டு நாளு.

நான் எட்டாங்கிளாஸும்மா. மவுஸைப் பிடிக்கவே ஆறு நாளாச்சு. ரிட்டயர்டு ஆனதும் சும்மா உக்காந்திருக்காருன்னு மாப்பிள்ளை வாங்கிக் குடுத்தாரு. கம்ப்யூட்டர்ல படத்தைப் போட்டா அதுவா மரத்துல செதுக்கும்னாரு. அது செதுக்குது, நான் பக்கத்துல நின்னு எண்ணிக்கிட்டு இருக்கேன்.

எதையா? அந்தா, செவுத்தோரமா சாத்தியிருக்கே, அந்தப் பலகைகளைத்தான். புதூர்ல எங்க சின்ன மாதாகோயிலுக்கு, சிலுவைப்பாதை, இயேசு சிலுவை சுமந்து போன கதை, மொத்தம் பதினாலு நிலை. பலகைக்கு மூணு மணி பத்து நிமிஷம். ஒம்போது முடிச்சிட்டேன். திங்கக்கிழமைக்குள்ள மீதி அஞ்சு வரலன்னா பிளெக்ஸ் அடிச்சு மாட்டிடறேன்னு சாமியார் சொல்லிட்டாரு. பிளெக்ஸும்மா! காதுகுத்துக்கு மாட்டுற மாதிரி! சாமிகிட்ட சரிங்க சாமின்னு தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். எதுத்துப் பேசி எனக்குப் பழக்கம் இல்ல. ஆனா அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல.

ஒம்போதாவதே ரெண்டு தடவை போட்டதுதான். இயேசு மூணாந்தடவை கீழே விழறாருங்கற பலகை. முக்கால்வாசி நல்லா வந்துச்சு. அப்புறம் எழுத்து ஒவ்வொண்ணா சரிய ஆரம்பிச்சு, அவரோட சேந்து அதுவும் விழுந்துருச்சு. கம்ப்யூட்டரைத் திட்டுனேன், கரண்டைத் திட்டுனேன். கடைசியில பாத்தா மோட்டாரையும் கம்பியையும் சேக்குற எடத்துல ஒரு குட்டி ஸ்க்ரூ, அரிசி தண்டி, அது லூசு. போன மாசம் முடுக்கணும்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். எழுதுனவன் முடுக்கல.

சத்தம் வந்தது பத்தாவதுல. பலகையை வச்சு, கிளாம்பைப் போட்டு, மிஷினை ஓட விட்டேன். ஙொய்ய்ய்னு ஒண்ணு. கொசு காதுகிட்ட வந்து, கடிக்கவும் கடிக்காம போகவும் போகாம நின்னா எப்பிடி இருக்கும், அப்பிடி. பேரிங் போகப்போவுதுன்னு உடனே நிறுத்திட்டேன். பாதியில மோட்டாரு நின்னா பலகை வீணாப் போயிரும்ல. நல்ல தேக்கு. உபரியா வேற பலகையும் இல்ல.

ரத்தினவேலைப் பாக்கலாம்னு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுல ஏறுனேன். சொன்னா சிரிப்பீங்க. காவேரிப் பாலத்துல போறப்ப பஸ்ஸுலயும் அதே சத்தம். எறங்கறப்ப டிரைவர்கிட்ட, தம்பி, உங்க வண்டிக்கும் பேரிங் போயிருச்சுன்னு சொல்லிட்டு எறங்குனேன். நானா போயி ஒருத்தர்கிட்ட பேசுனதே அதிசயம். அவரு என்னை மேலேயும் கீழேயும் பாத்தாரு. ஏங்க, எறங்குற எடம் தெரியுமா உங்களுக்குன்னு கேட்டாரு.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பிரிச்சோம். ஸ்க்ரூ எல்லாம் கலந்துறக் கூடாதுல்ல. வீட்டுல இட்லித் தட்டு நாலு, தட்டுக்கு நாலு குழி. பதினாறு குழியில பதினாறு சைஸ் பிரிச்சுப் போட்டேன். எம்பத்தி நாலு ஸ்க்ரூ. பேரிங்கை மாத்தியாச்சு, திரும்ப மாட்டுனா எம்பத்தி மூணுதான் இருக்கு. நாலு பேரும் தரையில தவழ்ந்து தேடறோம். ரோசம்மா, மணி எட்டரையாச்சு, பசிக்குதுன்னு தட்டைப் புடுங்கிக் கழுவி மாவை ஊத்திட்டா. எம்பத்தி நாலாவது ஸ்க்ரூ மாப்பிள்ளை இட்லியில கெடைச்சுது. அந்தக் கடக் சத்தம் மட்டும் அஞ்சு பேருக்கும் கேட்டுச்சு.

பல்லா? பல்லு இருக்கும்மா. அவரு தங்கமானவரு, ஸ்க்ரூவைத் தொடச்சு என் கையில குடுத்து, மாமா, கணக்கு சரியான்னாரு.

மாட்டி முடிச்சு ஓட விட்டேன். கேக்குதான்னேன். இல்லன்னாங்க. ரத்தினவேல் ஸ்க்ரூ டிரைவர் முனையை மோட்டார்ல வச்சு, பிடியைக் காதுல வச்சுக் கேட்டாரு. அண்ணே, புது மாப்பிள்ளை மாதிரி ஓடுதுன்னாரு. எனக்கு ஙொய்ங்குது. அப்ப நான் என்ன முடிவு பண்ணேன் தெரியுமா? பாவம், நாலு பேருக்கும் காது போயிருச்சு போலன்னு முடிவு பண்ணேன். சொன்னா வருத்தப்படுவாங்கன்னு வாயைத் தொறக்கல.

இப்பவா? ஆமாம்மா, இப்பவும் கேக்குதே. உங்களுக்குக் கேக்கலியா?

அதுவா, மிஷின் காலுக்கடியில மஞ்சளா இருக்கறதா? மிஷின் அதிர்றதுனால சத்தம் வருதோன்னு அண்டக் குடுத்தது. பஞ்சு இல்லம்மா. காதுல வைக்கறது. ஆமா, காதை அடைக்கறதுதான். ஷெட்டுல நான் இரும்பு கிரைண்டிங். கடைசி நாலு வருஷம் மாசம் ஒரு ஜோடி குடுத்தாங்க, நாப்பத்தெட்டு ஜோடி. ஒண்ணுகூட வைக்கல. வைக்கச் சொல்லித்தான் குடுத்தாங்க, அவங்களைக் குத்தம் சொல்லக் கூடாது. புதுசா பளபளன்னு இருந்துச்சு, அழுக்காக்குவானேன்னு மாதாகோயில் சட்டை மாதிரி பீரோவுல எடுத்து வச்சுட்டேன். இப்பத்தான் அதுக்கு ஒரு வேலை வந்துச்சு.

பிளக்கைப் போடணுமா? எது, இதுவா.

அது வந்தும்மா... முந்தாநேத்தே புடுங்கி வச்சுட்டேன். ரோசம்மா கடைக்குப் போயிருந்தா. வீட்டுல ஃபேனும் ஓடல, மிக்ஸியும் ஓடல. புடுங்கிட்டு ஸ்டூல்ல உக்காந்தேன், இருபது நிமிஷம். அப்பவும் ஙொய்ய்ய்னுது.

தெரியும்மா. மிஷின் இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்களுக்குப் போன் பண்ணேன். நீங்க வந்து நட்டு லூசு, பெல்ட்டு தேஞ்சிருக்குன்னு ஏதாவது ஒண்ணு சொன்னீங்கன்னா, அது மிஷின் கோளாறாவே இருந்துட்டுப் போகட்டும்னு பாத்தேன். மிஷினுன்னா பிரிக்கலாம். இட்லித் தட்டுல போட்டு எண்ணலாம்.

சரி. டாக்டர்கிட்டதானே, போறேன். செவ்வாக்கிழமை போறேன். ரோசம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன், நீங்க சொல்லிடாதீங்க. இப்ப பிளக்கைப் போடுங்க, பத்தாவது பலகையை வைப்போம். அஞ்சு பலகை, பதினஞ்சு மணி அம்பது நிமிஷம். இன்னைக்கு சனிக்கிழமை, முடிஞ்சிரும்.

ஓடுறப்ப நானும் காதை அடைச்சுக்கணுமா? இருக்கும்மா, பீரோவுல இருக்கு. மொத்தம் தொண்ணூத்தாறு. காலுக்கு இருபதுன்னு நாலு காலுக்கு எம்பது போச்சு. மோட்டார் பெட்டியைச் சுத்திப் பதினாலு.

மிச்சம் ரெண்டு.