கேட்ட கொப்பும் கிள்ளிய கொப்பும்

மலர்களைக் கண்டு மகிழ வந்த கண்களால் என்னையும் கண்டு தொலைக்க வேண்டிய கட்டாயத்தில் சிக்கியிருக்கும் இந்த மாபெரும் சபையின் தலைவரும், எங்கள் ஏலத்தோட்டத்தின் மேனேஜருமாகிய மாண்புமிகு துரை அவர்களே, அவருக்கு வலப்பக்கத்தில் வீற்றிருந்து, இந்த எழுபத்து நான்காம் ஆண்டுப் பூச்செடிக் கண்காட்சியில் தம் குரோட்டன்ஸ் தொட்டிக்கு முதற்பரிசு பெற்ற துரைசாணி அம்மையார் அவர்களே, அந்தப் பரிசைத் தேர்ந்தெடுத்த பழியைத் தனியொருவராய்ச் சுமக்கும் பங்குச்சாமியார் அவர்களே, உடும்பஞ்சோலைக் கடைவீதியின் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தொழிலாளர் லயத்துத் தாய்மார்களே, கூட்டம் முடிந்தால் கட்டன்சாயா உண்டு என்ற ஒரே இலட்சியத்துக்காகக் கடைசி வரிசையில் காத்திருக்கும் கண்ணியவான்களே, உங்கள் அனைவருக்கும் தையற்கடை மத்தியாஸின் தலைதாழ்ந்த வணக்கம்.

'வீட்டுச் செடிகளை வீட்டிலேயே பெருக்குவது எப்படி' என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வேண்டியவர் விவசாய ஆபீசர். அவர் வந்த பஸ் நெடுங்கண்டத்தில் நின்றுவிட்டது. பதிலுக்கு யாரைப் பிடிக்கலாம் என்று விழாக் குழுவினர் கூடிப் பேசி, ஊரில் நல்ல கத்தரிக்கோல் வைத்திருப்பவன் நான்தான் என்று முடிவு கட்டினார்களாம். இதுதான் என் தகுதி. தலைவர் அவர்களின் தகுதியைப் பற்றி இங்கே பலர் பேசிவிட்டார்கள். அவருடைய இடுப்பளவும் எனக்குத் தெரியும். மேடை நாகரிகம் கருதி அதை மட்டும் சொல்லாமல் விடுகிறேன்.

செடி பெருக்குவது சிரமமா? சீமையிலே போய்ப் படித்து வர வேண்டிய சித்து வேலையா? இல்லை தாய்மார்களே. கணு தெரியுமா, கணு? தண்டிலே இலை புறப்படுகிற முடிச்சு. அந்தக் கணுவுக்குக் கீழே ஒரு வெட்டு. அடி இலைகளை உருவி விடுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, மணி பிளாண்டை அதில் நிறுத்துங்கள். தண்ணீர் நாறுவதற்கு முன் மாற்றுங்கள். குரோட்டன்ஸ் என்றால் டால்டா டின். அடியிலே ஆணியால் ஓட்டை, உள்ளே ஆற்று மணலும் மக்கிய குப்பையும், வெயில் நேரே படாத ஒரு மூலை. பாம்புக் கற்றாழையா? ஒரு இலையைத் துண்டு போட்டு நட்டாலே போதும், ஆனால் மேலது கீழாகிவிடாமல் நட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. இதற்குப் பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சும்மா இருக்க வேண்டும்.

அங்கேதான் நம்மவர்கள் தோற்கிறார்கள். நம் சுடலை அண்ணன் போன மழைக்கு ஒரு ரோஜாக் கம்பு நட்டார். நட்ட மறுநாள் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்த்தார். விடவில்லை. திரும்ப நட்டார். மறுநாளும் பிடுங்கினார். என் கடைக்கு வந்து, "மத்தியாசு, இந்தக் கம்பு சரியில்லடே, ஒரு அனக்கமும் காணல" என்று புலம்பினார். நான் சொன்னேன், "அண்ணாச்சி, ஒங்களத் தெனமும் தூக்கத்துல எழுப்பி ஒறங்கியாச்சான்னு கேட்டா நீங்க எப்பம் ஒறங்குவிய?" என்ன சுடலை அண்ணே, முறைக்கிறீர்கள்? கம்பு இருக்கிறதா? செத்துவிட்டதா? சரி, கர்த்தர் அதற்கு இளைப்பாறுதல் தருவாராக.

நிற்க. வெட்டச் சொன்னேன், நடச் சொன்னேன். வெட்டுவதற்குக் கொப்பு எங்கிருந்து வரும்? விவசாய ஆபீசர் வந்திருந்தால் இந்தக் கேள்வியை லாவகமாகத் தாண்டியிருப்பார். எனக்கு அந்தப் பயிற்சி இல்லை. துரைமார் அறியாத ஒரு வழக்கம் நம் லயங்களில் இருக்கிறது. கேட்டு வாங்கிய கொப்பு வேர் பிடிக்காது என்பார்கள் நம் பெண்கள். உடையவர் தம் கையாலே ஒடித்துக் கொடுத்தால் அது ஒரு வாரம் கூடத் தாங்காது என்பார்கள். கண்ணில் படாமல் கிள்ளி வந்தால்தான் வேர் விடுமாம். இதற்கு விஞ்ஞானம் உண்டா என்று கேட்காதீர்கள். கேட்டால் என்னை இன்றிரவு வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

இனி சிரிக்காமல் கேளுங்கள். ஸ்டோரில் ஏலக்காய் தரம் பிரிக்கிற பூமாரியை உங்களுக்கெல்லாம் தெரியும். அதோ, மூன்றாவது தூணுக்குப் பின்னால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடு நிற்கிறாள். இரண்டு வாரத்துக்கு முன் அவள் துரை பங்களாவுக்கு ஏலக்காய் மூட்டை கொண்டு போனாள். வராந்தாவில் இந்தப் பரிசுத் தொட்டியை அவள் பார்த்து நின்றதை அம்மையார் பார்த்தார்கள். பெரிய மனசோடு ஒரு கொப்பைப் பிடித்துக் காட்டி, தம் மலையாளத் தமிழில், "பூமாரி, கொறச்சு ஒடிச்சுத் தரட்டே? கொண்டு போய் வையி" என்றார்கள். பூமாரி என்ன சொன்னாள்? "இருக்கட்டும்மா, வேண்டாம்" என்றாள். அம்மையார் உள்ளே போனார்கள். பூமாரி இருபக்கமும் பார்த்தாள். அதே தொட்டியில், அதே கொப்பைக் கிள்ளி, இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். கேட்டில் வாட்ச்மேன் யாக்கோபு பிடித்துக்கொண்டார்.

ஆபீசில் என்ன பேசினார்கள்? கொடுத்தபோது வேண்டாம் என்றவள், பிறகு திருடினாள் என்றால் அது எவ்வளவு திமிர் என்றார்கள். துரைசாணி கையால் வாங்க அவளுக்கு மனமில்லை என்றார்கள். அம்மையார் அன்று சாப்பிடவில்லை என்று பங்களாத் தோட்டக்காரர் சின்னமுத்து என்னிடம் சொன்னார். அவர்கள் வருத்தத்தில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அன்றிலிருந்து பூமாரிக்கு வேலை இல்லை. வருகிற திங்கட்கிழமைக்குள் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டுமாம். ஒரு கொப்புக்கு ஒரு குடும்பமா? புருஷனைக் காட்டாற்றுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறவள், பிள்ளைகள் இரண்டையும் எந்த மரத்தடியில் கொண்டுபோய் வைப்பாள்? இதைச் சொல்ல ஆபீஸ் வாசலுக்கு மூன்று முறை போனேன். துரைக்கு நேரமில்லை என்றார்கள். இன்று துரைக்கு நேரம் இருக்கிறது. தலைவராகி உட்கார்ந்துவிட்டார், எழுந்து போக முடியாது.

பூமாரியிடம் நான் கோபமாகவே கேட்டேன், கூப்பிட்டுக் கொடுத்ததை ஏன் வாங்கவில்லை என்று. அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அண்ணே, அந்தம்மா ஆசையா நீட்டுனாங்க. கையில வாங்குனா பட்டுப்போகும்லா? பொறவு என்னைக்காவது, நான் தந்த செடி எப்படி இருக்குன்னு கேட்டா, செத்துப் போச்சுன்னு எந்த வாயால சொல்லுவேன்? அதான் வேண்டாம்னுட்டு, பொறவு கிள்ளுனேன்."

கேட்டீர்களா அம்மா? உங்கள் கொப்பு உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக அவள் உங்களிடம் திருடினாள்.

இது திருட்டு என்றால் இங்கே யார் திருடர் இல்லை? யார் யார் வீட்டில் பங்களாச் செடி இருக்கிறது, கையைத் தூக்குங்கள். பயப்படாதீர்கள், எல்லாரையும் வெளியேற்றினால் ஏலக்காயைத் துரையே பறிக்க வேண்டும். இன்பமேரி தூக்கிவிட்டாள், வாழ்க. மாரித்தாய், குருசாமி, அந்த வரிசை முழுவதும். சாமியார் பாதிக் கைதான் தூக்குகிறார், மீதியைப் பாவசங்கீர்த்தனத்தில் பார்த்துக்கொள்வார். யாக்கோபு அண்ணே, உங்கள் வாசலில் பால் டின்னில் நிற்கிற குரோட்டன்ஸ் வானத்திலிருந்து விழுந்ததா? என்ன? "அது எம் பொஞ்சாதி வச்சது" என்கிறார். நல்லது, அவர்களையும் சேர்த்துக்கொள்கிறோம். சின்னமுத்து ஏன் தலையைக் குனிகிறார்? அம்மா, உங்கள் பரிசுத் தொட்டியின் தாய்ச்செடி எப்படி வந்தது என்று அவரைத்தான் கேட்க வேண்டும். உங்களுக்கு முன்பு இருந்த துரைசாணி பக்கத்துத் தோட்டத்துக்கு விருந்துக்குப் போய்வந்தபோது, மடக்கிய குடைக்குள் வந்ததாம் அது.

சற்றுப் பொறுங்கள், அம்மையார் ஏதோ கேட்கிறார்கள். அமைதி, அமைதி. "கையில கொடுத்தா பிடிக்காது. பின்னே ஞான் எந்து செய்யணும்?" என்று கேட்கிறார்கள்.

ஒன்றுமே செய்ய வேண்டாம் அம்மா. அதோ அந்த மலையைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.

பார்த்தீர்களா சபையோரே, அம்மையார் நாற்காலியையே திருப்பிப் போட்டுவிட்டார்கள். பூமாரி, வா தாயி. தொட்டி மேடை ஓரத்தில்தான் இருக்கிறது. யாரும் வழி மறிக்காதீர்கள். பிள்ளைகள் அங்கேயே நிற்கட்டும், இன்பமேரி பார்த்துக்கொள்வாள். தலைவர் அவர்களே, தாங்கள்? ஓகோ, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறீர்கள். துடையுங்கள் ஐயா, நிதானமாகத் துடையுங்கள். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிரே யானை நின்றாலும் தெரியாது. பூமாரி, தைரியமாகக் கிள்ளு. கணுவுக்குக் கீழே, தாயி. அப்படித்தான்.

கிள்ளிவிட்டாள்.

தலைவர் அவர்களே, கண்ணாடியை மாட்டிக்கொண்டீர்கள். இனி ஒரே ஒரு கேள்வி. திங்கட்கிழமை காலைப் பெரட்டில் ஆள் கூப்பிடும்போது, பூமாரி பேரைக் கூப்பிடுவார்களா? தலையை ஆட்டுகிறார். ஐயா, தலையாட்டல் கடைசி வரிசைக்குக் கேட்காது, மைக் இதோ. "விளிக்கும்" என்கிறார் தலைவர். லயத்து வீடு? "அவிடத் தன்னே இருக்கட்டும்" என்கிறார். சபையோரே, கை தட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் என் பேச்சில் வராது.

என்னை இவ்வளவு நேரம் பொறுத்த தலைவருக்கு நன்றி. கரகரத்தாலும் கழுத்தறுக்காத மைக்செட்டுக்காரருக்கு நன்றி. பாதிக் கை தூக்கிய சாமியாருக்குப் பாதி நன்றி. பயத்தை விட்டுக் கை தூக்கிய தாய்மார்களுக்கு முழு நன்றி. துரைசாணி அம்மையாருக்கு மட்டும் நான் நன்றி சொல்ல மாட்டேன். அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். செடிக்காக நன்றி சொன்னாலும் அது பட்டுப்போகும் என்பார்கள் எங்கள் பெண்கள். பூமாரி வீட்டில் அது பிழைக்க வேண்டும். வணக்கம்.