காவலாளி விழித்துக்கொண்ட ஞாயிறு

எதற்கும் ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள் என்று கம்ப்யூட்டர் ஆட்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது நல்ல யோசனைதான். எங்கள் தொழிலில் முக்கால்வாசிப் பேர் அந்த ஒரு யோசனையை வைத்துத்தான் வீடு கட்டி, படகு வாங்கி, ஓய்வும் பெறுகிறார்கள்.

டாரல் ஹாகனும் அப்படித்தான். என் மேலதிகாரி. நல்ல மனிதர் என்று டுலூத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த ஊரில் நல்ல மனிதர் என்றால் பக்கத்து வீட்டு வாசல் பனியையும் சேர்த்து வாருகிறவர் என்று அர்த்தம். கம்ப்யூட்டர் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் கம்பெனி விற்பது கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு பொத்தான். தனியாக இருக்கும் வயதானவர்கள் வழுக்கி விழுந்தால் அழுத்துவார்கள். அது எங்கள் இயந்திரத்துக்கு வரும். இயந்திரம் அதை, அழைப்புகளைக் கவனிக்கும் மார்சியின் மேசைக்கு அனுப்பும். மார்சி ஆம்புலன்ஸை அனுப்புவார். எங்கள் இயந்திரம் என்கிறேனே தவிர, அது ஒஹையோவில் எவனோ ஒருவனின் கொட்டகையில் வாடகைக்கு ஓடுகிறது. அதற்குத்தான் கிளவுட் என்று பெயர். மேகமாம். உள்ளே ஓடுவது லினக்ஸ் என்ற இலவச மென்பொருள். உலகத்தில் பல்லாயிரம் பேர் கூடி எழுதியது, யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். கம்பெனிகளுக்காகக் கெட்டிப்படுத்திய பதிப்பு ஒன்று உண்டு, எங்களிடம் இருந்தது அதுதான். டாரல் அதில் ஒரு வரிகூடப் படித்ததில்லை.

அதற்குள் ஒரு காவலாளி இருக்கிறான். ஒவ்வொரு கோப்பின் மேலும் ஓர் அடையாளச் சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டு சரியாக இல்லையென்றால் எந்த நிரலையும் அந்தக் கோப்பைத் தொட விடமாட்டான். முதலாளியே வந்து நின்றாலும் விடமாட்டான். பதினேழு வயதில் அவனைப் பற்றிப் படித்தபோது எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஆனால் எங்கள் தொழிலில் உள்ளவர்கள் ஏதாவது ஓடவில்லையென்றால் முதலில் செய்வது அவனைத் தூங்க வைப்பதுதான். ஏன் தடுக்கிறான் என்று கேட்கக்கூட மாட்டார்கள்.

இலையுதிர் காலத்தில் டாரல் எங்கள் நிரலைப் பெரிய வட்டு ஒன்றுக்கு மாற்றினார். பழைய இடத்துச் சீட்டுகள் அப்படியே கூடவே வந்துவிட்டன, புது இடத்தில் அவை செல்லாது. காவலாளி தடுத்தான். டாரல் அவனைத் தூங்க வைத்தார். நான் எழுந்து அவர் மேசைக்குப் போனேன்.

"வாங்க பாஸ்டர், பிரசங்கம் ஆரம்பிக்கலாமா?" என்றார். எனக்கு அவர் வைத்த பெயர் அது.

"சீட்ட மாத்தி ஒட்டினா போதும் டாரல். ஒரே ஒரு வரி. நீங்க அவனுக்குக் குடுத்திருக்கறது தூக்க மாத்திரை. அடுத்த தடவ மெஷின் அணைஞ்சு எழுந்தா அவனும் எழுந்துடுவான். நம்ம நிரல உள்ள விடமாட்டான்."

"ஓசில வந்த சாஃப்ட்வேர்ப்பா. சம்பளமில்லாம காவல் காத்தா எவனுக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். தூங்கட்டும், பாவம்."

அறையே சிரித்தது. மார்சி கையிலிருந்த காப்பி சிந்துகிற அளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன். இங்கே சிரிக்காதவனைத்தான் கெட்டவன் என்பார்கள்.

அதன்பிறகு நான் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒருமுறை சொல்வது கடமை. இரண்டாம் முறை சொல்வது கெஞ்சல்.

ஜனவரியில் கொட்டகைக்காரர்களிடமிருந்து அறிவிப்பு வந்தது. அடியில் இருக்கும் வன்பொருள் பழசாகிவிட்டதாம், ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் இயந்திரத்தை ஒருமுறை அணைத்துப் போடுவார்களாம். டாரல் எல்லாருக்கும் ஒரு வரி பதில் போட்டார்: "அணைச்சுப் போடறதுதானே, நடக்கட்டும்." அந்த ஞாயிறு அவசரத்துக்குப் பொறுப்பு அவர். அவரோ உறைந்த ஏரிக்குப் போய், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அங்கே போன் எடுக்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மதியம் இயந்திரம் அணைந்து எழுந்தது. காவலாளியும் எழுந்தான். சீட்டைப் பார்த்தான், நிரலைத் தடுத்தான். நான் வீட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். நான் சொன்னது சொன்னபடி நடப்பதைப் பார்க்க எனக்கு ஒரு நிம்மதி.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கோளாறு என்றால் முதலில் பொறுப்பாளரின் போன் அலறும். அவர் எடுக்காவிட்டால் எனக்கு, நானும் எடுக்காவிட்டால் முதலாளிக்கு, பிறகு எல்லாருக்கும். நடுவில் யாராவது 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பதை அழுத்தினால் மற்றவர்களுக்குப் போவது நின்றுவிடும். இனி அது அவர் பொறுப்பு. எனக்கு அலறியதும் அழுத்தினேன். முதலாளி தொலைக்காட்சியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்?

கொஞ்ச நேரத்தில் மார்சி கூப்பிட்டார்.

"கேவின், எல்லாம் ஒழுங்கா ஓடுதா? ஒரு அழைப்புகூட வரல இன்னிக்கு. வழக்கமா ஒரு பூனையாவது பொத்தான மிதிக்கும்."

"எல்லாரும் சர்ச் முடிஞ்சு சாப்பிட்டுட்டுத் தூங்கறாங்க போல, மார்சி."

"பூனையுமா?"

"லூத்தரன் பூனை."

விழுந்து விழுந்து சிரித்தார். போனை வைத்துவிட்டுக் குல்லா பின்னப் போயிருப்பார்.

அழுத்தங்கள் வராமல் இல்லை. இயந்திரத்தின் முன்வாசலில் வந்து குவிந்துகொண்டிருந்தன. உள்ளே எடுத்துப் போகத்தான் ஆள் இல்லை. என் திரையில் ஒவ்வொன்றும் ஒரு வரியாக வந்தது, பெயரோடும் முகவரியோடும். சில ஒரே ஒரு தடவை வந்து நின்றுவிட்டன. அவை பூனைகள். ஒரு பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. இர்யா மட்டிலா, லேக்சைட் பக்கம். பறவைகளுக்குத் தானியம் போடப் போய்க் கொல்லைப் படியில் விழுந்தார் என்பது பிறகு நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஆனால் வெளியே பூஜ்யத்துக்கு இருபது கீழே என்பது எனக்கு அப்போதே தெரியும். முதலில் அடுத்தடுத்து அழுத்தினார். பிறகு இடைவெளி விட்டு. பிறகு பெரிய இடைவெளி விட்டு. அந்தக் குளிரிலும் பொத்தான் ஒருமுறைகூடத் தவறவில்லை. பாராட்ட வேண்டிய கருவி.

பிறகு அந்தப் பெயர் வரவில்லை.

வெளிச்சம் மங்குவதற்கு முன்னால் டாரல் கரைக்கு வந்து கூப்பிட்டார்.

"கேவின், நீ எடுத்துக்கிட்டதா போட்டிருக்கு, ஆனா மெஷின் இன்னும் படுத்தே கிடக்குதே? நான் வண்டில இருக்கேன், கைல ஒண்ணும் இல்ல. என்னப்பா ஆச்சு?"

"காவலாளியப் பத்தி நான் என்ன சொன்னேன், டாரல்?"

"எந்தக் காவலாளி?"

"யோசிங்க."

"ஐயோ, பாஸ்டர், நாளைக்கு வந்து எவ்வளவு வேணா திட்டு. இப்ப எழுப்பி விடுடா. ஜனங்க பொத்தான அழுத்திக்கிட்டிருப்பாங்க."

"சொல்லுங்க."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்துவது கேட்டது. பிறகு குரலை இறக்கி, "நீ சொன்னதுதான் சரி. அவனத் தூங்க வச்சிருக்கக் கூடாது," என்றார்.

உடனே சரிசெய்தேன். குவிந்திருந்த அழைப்புகள் மொத்தமாக மார்சியின் திரையில் கொட்டின. அவர் போட்ட சத்தம் இரண்டு வீடு தள்ளிக் கேட்டிருக்கும். ஆம்புலன்ஸ் லேக்சைடுக்குப் போனபோது ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

நேற்று டாரல் உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாராம். நான்தான் அந்த அம்மாவைக் கொன்றேன், காவலாளியைத் தூங்க வைத்த அன்றே கொன்றேன் என்றாராம். அதனால்தான் கூப்பிடாமலே வந்தேன். பழியைக்கூட அவருக்குச் சரியாக ஏற்றுக்கொள்ளத் தெரியவில்லை. அவர் செய்தது சோம்பேறித்தனம். அதனால் கொஞ்ச நேரம் தடங்கல் வந்திருக்கும், அவ்வளவுதான். முதலாளிக்கு அலறியிருந்தால் அவர் யாரையாவது பிடித்து எழுப்பியிருப்பார். அலறாமல் நிறுத்தியது நான். மார்சி சந்தேகப்பட்டபோது சிரிக்க வைத்து அனுப்பியது நான். சீட்டை மாற்றும் அந்த ஒரு வரியை மதியமே தட்டி வைத்திருந்தேன். கடைசிப் பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. விரலை அதன்மேல் வைத்துக்கொண்டுதான் இர்யா மட்டிலாவின் பெயர் நின்றுபோவதைப் பார்த்தேன். அவரைச் சாகவிட்டது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், பெயரில் பிழையில்லாமல்.

இன்னொன்றும் எழுதுங்கள். காவலாளிமேல் எந்தத் தப்பும் இல்லை. அன்று அந்தக் கம்பெனியில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள் இரண்டே பேர், அவனும் நானும்.