சோமசேகர் சாரின் ராகி பியர்

— ஊத்தாதே லோகி! அந்தக் கறிவேப்பிலைச் செடி உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?

— மெதுவாப் பேசு சஹனா. சார் பீப்பாய் ரூம்ல இருக்கார். காது பாம்புக்காது அவருக்கு.

— பாதி கிளாஸ் தொட்டிக்குப் போயாச்சு. மீதியையாவது நீ குடி. அவர் பியருக்கு நீதானே பெரிய ரசிகன்.

— நீ ஒரு வாய் குடிச்சுட்டு அப்புறம் பேசு.

— மோந்து பாத்ததே போதும் லோகி. காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்திரியை ராகிக் கஞ்சியில ஊறவெச்ச மாதிரி இருக்கு. எனக்கு எலுமிச்சை சோடா போதும். ஆமா, ஆபீஸ்ல மத்தவங்க எல்லாம் இந்த வியாழக்கிழமைக் கூத்துலேருந்து எப்படித் தப்பிச்சாங்க?

— கிரண் மஞ்சக்காமாலைன்னு சொல்லிட்டான். ஷில்பாவுக்கு வியாழக்கிழமை ராகவேந்திர சாமி விரதமாம். போன வருஷம் வரைக்கும் வியாழக்கிழமை பிரியாணி தின்னவ அவ.

— நீ மட்டும் எப்படிச் சிக்கினே?

— அக்கா கல்யாணத்துக்கு லீவு கேக்க இந்த மாடிக்கு வந்தேன். கையில கிளாஸைக் குடுத்து எப்படி இருக்குன்னார். ‘இந்த மாதிரி பெங்களூர்லயே குடிச்சதில்லை சார்’னேன்.

— அது உண்மைதானே?

— சிரிக்காதே. லீவு கிடைச்சுது. மறு வியாழக்கிழமை திரும்பக் கூப்பிட்டார். அப்பப் போய் எப்படி மாத்திச் சொல்றது? அடுத்த வாரம் அதைவிடக் கஷ்டம். அப்படியே ஒரு வருஷம் ஓடிப்போச்சு.

— இன்னைக்கு மாத்திச் சொல்லு. இந்த வீட்டை அடகு வெச்சு ஜெயநகர்ல பப் எடுக்கிறார். நாளைக்குக் காலையில கையெழுத்து. அப்புறம் சொல்லி என்ன பிரயோசனம்?

— தெரியும். ரெண்டு நாளா அதைத்தான் தனியா சொல்லிச் சொல்லிப் பாத்துகிட்டு இருக்கேன்.

— நேத்து அவர் வீட்டம்மா என்னை கேட் வாசல்ல நிறுத்திக் கேட்டாங்க. ‘அந்த பியர் நெஜமாவே நல்லா இருக்கா சஹனா?’ன்னு. நான் செருப்பு வாரை மாட்டுற மாதிரிக் குனிஞ்சுட்டேன்.

— பாத்தியா? உனக்கே வாய் வரலை.

— நான் சொன்னா எடுபடாது லோகி. நீ சொன்னாதான்.

— சொன்னா என்ன கேப்பார்? ஒரு வருஷமா என்னை வெச்சு விளையாடினியான்னு கேப்பார். அதுக்கு நான் எங்க போய் ஒளியறது? கீழ் கேட் சாவி வேற அவர் இடுப்புல தொங்குது.

— ஸ்ஸ்! வர்றார்.

— என்னப்பா ரகசியம்? இந்தாங்க, காங்கிரஸ் கடலை, காரம் போட்டு வறுத்தது. காந்தி பஜார்ல நின்னு வாங்கினது. எங்க லோகி, கிளாஸ் காலியா! பாத்தியா சஹனா, குடிக்கத் தெரிஞ்சவன் இவன்.

— சார், ஏதோ கருகுதே.

— அப்படியா? எங்கே?

— உங்க முதுகுக்குப் பின்னாடி சார்! அடுப்புல அப்பளம்!

— அட ஆமா! புகையே வந்துடுச்சா. கேளுப்பா, பியர் நினைப்புல இருந்தா எனக்கு வேற எதுவும் தெரியறதில்லை. போகட்டும், கடலையைத் தின்னுங்க.

— சார், நான் ஒண்ணு சொல்லலாமா? இந்த பியர்ல ஏதோ பிளாஸ்திரி வாடை...

— ஹா! எலுமிச்சை சோடா பேசுது! கேளுப்பா சஹனா, உனக்கு பியர் வாடையே ஆகாது. நீ சொல்லு லோகி, வாடை இருக்கா?

— அது வந்து... சார்...

— பாத்தியா, யோசிச்சுத்தான் சொல்லுவான். ஏன் சொல்றேன்னா, போன வாரம் கூட இவன்தான் சொன்னான், குடிச்சு முடிச்ச பிறகு காப்பித் தோட்டத்துல மழை பெய்ஞ்ச மாதிரி இருக்குன்னு. அந்த வார்த்தையை அப்படியே பப் போர்டுல எழுதச் சொல்லியிருக்கேன்.

— போர்டுலயா சார்?

— போர்டுல. பெயிண்ட் காஞ்சுகிட்டு இருக்கு. அது சரி, இந்தக் கறிவேப்பிலை ஏன்தான் இப்படிப் பட்டுப்போகுதோ தெரியலை. மண்ணு மாத்தினேன், எரு போட்டேன். நர்சரிக்காரன் வந்து பாத்துட்டு வேர்ல ஏதோ விஷம்கிறான்.

— லோகி, பாவம் அந்தச் செடி. சார் கிட்ட நீ ஏதோ சொல்லணும்னு இருந்தியே?

— சார்... நாளைக்குக் கையெழுத்தை ஒரு மாசம் தள்ளிப்போட்டா என்ன?

— ஏன்? பியர்ல குறையா?

— குறைன்னு இல்லை... இன்னும் நாலு பேர் கிட்டக் குடுத்துக் கேட்டுட்டு...

— நாலு பேர் எதுக்கு, நீ இருக்கும்போது? சரி, உக்காரு. உன் கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. சஹனா, நீயும் கேளு, ஆனா கீழ இறங்கினா மறந்துடணும். எனக்கு வாசனையே தெரியாதுப்பா.

— என்ன சார் சொல்றீங்க?

— ஊரெல்லாம் அந்தப் பெரிய காய்ச்சல் வந்துச்சில்ல, அப்பப் போனது. ருசியும் கூடவே போச்சு. உப்பு, உறைப்பு ஏதோ லேசாத் தெரியும், அவ்வளவுதான். டாக்டர் திரும்பி வரும்னார். வரலை.

— மேடத்துக்குத் தெரியுமா சார்?

— தெரியாது. சாயங்காலம் மல்லிகைப்பூ வெச்சுகிட்டு பக்கத்துல வந்து நிப்பா. ஆஹான்னுவேன். அவ முகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது, சொல்லு?

— அப்ப எதுக்கு சார் இந்தப் பீப்பாயெல்லாம்?

— காய்ச்சலுக்கு முந்தி எனக்கு பியர்னா உசிரு சஹனா. குடிச்சுதான் ஒண்ணும் தெரியலை, கையாலயாவது செஞ்சு பாப்போம்னு இறங்கினேன். எனக்கென்ன தெரியும், கஞ்சியா கழுநீரான்னு? அன்னைக்குத்தான் இவன் மாடி ஏறி வந்தான். ஒரு வாய் குடிச்சான். அந்த முகத்தைப் பாக்கணுமே!

— சார், அன்னைக்கு நான் லீவு...

— கேளுப்பா முழுசா. ஏன் சொல்றேன்னா, அன்னைக்கு நீ லேசா மூஞ்சியைச் சுளிச்சிருந்தாக் கூடப் போதும், பீப்பாயைக் கவுத்துப் போட்டுட்டு நம்ம சாஃப்ட்வேரே போதும்னு கிடந்திருப்பேன். நீதான் எனக்கு நாக்கு. நாளையிலேருந்து கம்ப்யூட்டர் முன்னாடி உக்காராதே. பப்ல என் பக்கத்துல இரு. ஒவ்வொரு பீப்பாயும் நீ குடிச்சு, சரின்னு சொன்னாதான் வெளிய போகும்.

— ஒவ்வொரு பீப்பாயுமா?

— ஆயுசு பூரா! இந்தா, புதுப் பீப்பாய்ல முதல் கிளாஸ். நுரை நல்லாத்தான் நிக்குது, அது கண்ணுக்குத் தெரியுது. மத்ததை நீ சொல்லு.

— லோகி...

— சார், அந்தக் கறிவேப்பிலை ஏன் பட்டுப்போகுதுன்னு சொல்றேன். கிளாஸைக் கீழ வெச்சுட்டு முதல்ல உக்காருங்க.